தலைக்கு நூற்று ஐம்பத்தேழு

பள்ளத்தூரில்
எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே
ஒரு கறுப்பு வயர் போகிறது.
எங்களுக்கு இல்லை.
எதிர்த்த பெரிய வீட்டுக்கு,
அதாவது, யாரும் இல்லாத வீட்டுக்கு.

அங்கே எட்டு கேமரா.
முகப்பில் இரண்டு, வளவில் மூன்று,
இரண்டாங்கட்டில் இரண்டு, கொல்லையில் ஒன்று.
ஈப்போவில் இருந்துகொண்டு சோலையப்பன் பார்க்கிறார்,
தூண்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றனவா என்று.
செவ்வாயும் வெள்ளியும் நான் கூட்டப் போனால்
தூணுக்குள்ளிருந்து குரல் வரும்:
"அந்த மூலையில நூலாம்படை தெரியுது பாரு, தெய்வானை."
கிட்ட நிற்கும் எனக்குத் தெரியவில்லை.
கடல் தாண்டித் தெரிகிறது.

எங்கள் வீட்டில் நாளைக்கு ஒன்றரை ஜிபி.
பாலிடெக்னிக் பாடம் என்று பாதியை மகன் தின்பான்.
மீதியை யார் தின்றது என்று
தினமும் ஒரு பஞ்சாயத்து.
ஆறு மணிக்குத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்,
எண்ணெய் வராத செக்கு மாதிரி.

ரீசார்ஜுக்கு இருபத்தெட்டு நாளில் மாதம் முடிந்துவிடும்.
எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு
முப்பத்தொன்றிலும் முடியாது.
வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் என்று
எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?

கம்பத்தில் ஏணியைச் சாய்த்தபடி
பாண்டிச்செல்வம்தான் சொன்னான்:
"வயரு ஒங்க தலைக்கு மேலதானக்கா போகுது.
வரியோட நானூத்தி எழுபத்தொண்ணு.
எத்தனை போனு வேணாலும் போட்டுக்கலாம்."
யாரோ திருப்பிக் கொடுத்த ரவுட்டர் ஒன்று,
மூலை பிளந்தது, சும்மா தருகிறேன் என்றான்.

மூன்று வீடு. தலைக்கு நூற்று ஐம்பத்தேழு.
நான், ரஹ்மத், சிகப்பாயி.
எனக்கும் சிகப்பாயிக்கும் ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை.
அவள் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர்
என் வாசலில் வந்து நின்றதில் தொடங்கியது.
நல்லவேளை, ரஹ்மத்துடையது நடுவீடு.
அவள் வீட்டுத் தையல் மெஷினுக்கு மேலே ஆணி அடித்தார்கள்.
பச்சை விளக்கு வந்ததும் பாஸ்வேர்டு கேட்டேன்.
"சாக்கடை," என்றாள் ரஹ்மத்,
"அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணு."
சிரிக்கக் கூடாது என்றிருந்தேன்.
அந்தப் பக்கச் சுவரில் சிகப்பாயி சிரிப்பது கேட்டது.

என் வீட்டில் சிக்னல் ஓரிடத்தில்தான் நன்றாக எடுக்கும்,
அடுப்பு மேடையில், பொதுச் சுவர் ஓரமாக.
மகன் இப்போது
அரிசிமூட்டை மேல் உட்கார்ந்து மோட்டார் படிக்கிறான்.

ஆடியில் சிகப்பாயிக்கு வேலை இல்லை.
ரஹ்மத்தும் நானும் எழுபத்தெட்டரை எழுபத்தெட்டரை
கூடப் போட்டோம்.
அவளிடம் சொல்லாதே என்றேன். சொல்லிவிட்டாள்.
மறுநாள் காலை சாக்கடை என் பக்கம் வரவில்லை,
மூன்று செங்கல்லும் கொஞ்சம் சிமெண்டும்.
பேச்சு இன்னும் இல்லை.

நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால்
சொல்ல ஒன்றும் இல்லை.
திருப்பூரில் தங்கச்சி கோமளம் இருக்கிறாள்.
முன்னெல்லாம் போன் போட்டால்
முதலில் செத்தவர்களைச் சொல்வோம்,
பிறகு கடன்,
பிறகு "சரி, வைக்கிறேன், தீருது."
இப்போது சாவும் கடனும் பேசித் தீர்ந்த பிறகும்
போன் தீரவில்லை.
கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும்
என்ன செய்வதென்று தெரியவில்லை.

உப்பு ஜாடியில் போனைச் சாய்த்தேன்.
அவளும் எதிலோ சாய்த்தாள்.
அவள் முகம் இல்லை, ஒரு ட்யூப்லைட்,
அதன் பக்கத்தில் பல்லி.
வெங்காயம் அரிகிற சத்தம்.
நான் புளி கரைத்தேன்.
பல்லி நகர்ந்தது.
அந்த எட்டு கேமராவிலும்
இவ்வளவு நடந்திருக்காது.

குக்கர் விசில் அடித்தது.
"ஒன்னோடதா, என்னோடதா?"
"தெரியலயே."
இரண்டு பேரும் அடுப்பை நிறுத்தினோம்.